கவிழ்த்து வைத்த சொம்பு

சாந்தாமணி அம்மாவின் வலது மணிக்கட்டை உடைத்தது நான்தான். கையால் தொடவில்லை. ஒரு சொம்பைக் கவிழ்த்து வைத்தேன், அவ்வளவுதான்.

தொலைக்காட்சித் தொடர் ஒன்றில் நான் தொடர் கொலைகாரன். இதுவரை ஒன்பது பேரைக் கொன்றிருக்கிறேன். ரேட்டிங் நன்றாக இருந்தால் இன்னும் கொல்வேன். அதற்கு முன்னால் பங்குக் கோயில் திருவிழாக்களில் மிமிக்ரி செய்துகொண்டிருந்த வெறும் சகாயம். மேடையேறி எத்தனை குரல் மாற்றினாலும் கூட்டத்தில் ஒருத்தர் முகத்திலும் சிரிப்பு வராது. கடைசி வரிசையிலிருந்து பார்த்த இயக்குநர்தான் என் திறமையைக் கண்டுபிடித்தார். "உங்க மூஞ்சிக்குப் பயம்தானுங்க வரும்" என்றார்.

தொடரில் நான் தோட்டத்துச் சாளைகளாகப் பார்த்துப் போவேன். தென்னைகளுக்கு நடுவே, கூப்பிட்டால் கேட்காத தூரத்தில் தனியாக நிற்கும் வீடுகள். வாசலில் நின்று, "ஏனுங்க அம்மணி, குடிக்கத் தண்ணி கெடைக்குங்களா?" என்பேன். எங்கள் பக்கத்தில் வந்தவரை யாரென்று கேட்பதற்கு முன்பே "வாங்க" என்று சொல்லித் தண்ணீர் கொடுத்துவிடுவார்கள். ஊர், பேர் எல்லாம் அப்புறம்தான். அதனால் என் பாத்திரத்துக்குப் பூட்டை உடைக்கிற வேலையே கிடையாது. குடித்து முடித்து, சொம்பைக் கழுவி, வாசற்படியில் கவிழ்த்து வைப்பேன். திரையில் கவிழ்ந்த சொம்பு தெரிந்தால் உள்ளே யாரும் உயிரோடு இல்லை என்று அர்த்தம்.

கிணத்துக்கடவு பக்கம் படப்பிடிப்பு. கேன் தண்ணீர் தீர்ந்துபோனதால் வேஷத்தைக் கலைக்காமல் பக்கத்துத் தோட்டத்துக்குப் போனேன். கூப்பிட்டுப் பார்த்தேன், யாரும் வரவில்லை. குழாயடியில் சொம்பு இருந்தது. குடித்தேன். கழுவினேன். கை பழக்கத்தில் அதைப் படியில் கவிழ்த்து வைத்துவிட்டது. மாட்டுக்குத் தீவனம் போட்டுவிட்டு வந்த சாந்தாமணி அம்மா, எங்கள் தொடரை ஒரு நாள் விடாமல் பார்ப்பவர், படியைப் பார்த்தார். பின்னால் நகர்ந்து கல் தடுக்கி விழுந்தார். சத்தம் கேட்டு உதவிக்கு ஓடினேன். என் முகத்தைப் பார்த்ததும் மயக்கமே போட்டுவிட்டார்.

அன்றிலிருந்து ஞாயிற்றுக்கிழமைகளில் பூசை முடிந்ததும் ஆரஞ்சும் ஹார்லிக்ஸுமாகப் பஸ் ஏறிவிடுவேன்.

"வலிக்குதுங்களா அம்மணி?"

"போச்சாதுங்க கண்ணு, சரியாப் போயிரும். டீ குடிங்க."

"எம்மேல கோவமுங்களா?"

"முறுக்கு எடுத்துக்குங்க."

எதைக் கேட்டாலும் பலகாரம்தான் பதிலாக வரும்.

கணவர் இறந்த பிறகு அம்மா தனியாகத்தான் இருக்கிறார். மகன் மனோஜ்குமாருக்குப் பெங்களூரில் வேலை. ஒரு நாள் போனில் அவன் என்னிடமே சொன்னான்: "அம்மா ஒரே ஒருக்கா பயமா இருக்குதுன்னு சொல்லட்டுங்ணா. அன்னைக்கே மாட்டை வித்துப்போட்டு இங்க கூட்டிட்டு வந்துருவேன்." அம்மா அப்போது கட்டுப் போடாத கையால் பசுவின் கழுத்தைத் தடவிக்கொண்டிருந்தார். அதற்குப் பிறகு பயத்தைப் பற்றி நான் கேட்கவேயில்லை.

போன ஞாயிறு நான் போனபோது நாய் குரைக்கவில்லை. என்னை எப்போது கண்டாலும் விமர்சகர் மாதிரிப் பாய்கிற நாய் அது. தண்ணீர்த் தொட்டியோரம் படுத்தபடி வாலை மட்டும் லேசாக ஆட்டியது. வாயோரம் நுரை காய்ந்திருந்தது.

"எதையோ தின்னுபோட்டுதுங்க" என்றார் அம்மா.

படியில் சொம்பு கவிழ்ந்திருந்தது.

நான் சிரித்தேன். "பழி வாங்கறீங்களா அம்மணி?"

"அது நீங்க வெச்சதுதானுங்களே?" அவர் என்னைப் பார்க்கவில்லை.

"நான் இப்பத்தானுங்க வாரேன்."

"அப்ப நான்தான் வெச்சிருப்பேன். உக்காருங்க, டீ போடறேன்."

சொம்பை எடுத்துப் பார்த்தேன். படியெல்லாம் வெயிலில் காய்ந்து கிடந்தது. சொம்பு இருந்த இடத்தில் மட்டும் ஓர் ஈர வட்டம்.

"வெளியூர்ப் பசங்க விளையாட்டா இருக்கும்" என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன்; அதை நானே நம்ப முடியாமல் போலீஸ் ஸ்டேஷனுக்குப் போனேன். அங்கிருந்தவர் முதலில் என்னோடு ஒரு செல்ஃபி எடுத்துக்கொண்டார். "சொம்பக் கவுத்தறதும் நீங்க, கம்ப்ளெயிண்ட் குடுக்கறதும் நீங்களா? அடுத்த வாரம் யாரைப் போடறீங்க சார்?" என்று கேட்டார். நாயைப் பற்றிச் சொன்னேன். "பாத்துக்கலாமுங்க" என்றார். பத்து வருஷம் ஜனங்களைச் சிரிக்க வைக்கப் படாதபாடு பட்டவன் நான். அன்றைக்குத்தான் முதல் முறையாக ஒருத்தர் வயிறு குலுங்கச் சிரித்தார்.

பஸ் ஸ்டாண்டுக்குப் போகாமல் திரும்பத் தோட்டத்துக்கே நடந்தேன். பொழுது சாய்ந்துகொண்டிருந்தது. என்னைக் கண்டதும் அம்மா ஏன் வந்தீர்கள் என்று கேட்கவில்லை. உள்பக்கம் தாழிட்டிருந்த கதவைத் திறந்து என்னை உள்ளே விட்டு, மறுபடியும் தாழிட்டார். அந்த வீட்டுக் கதவுக்குத் தாழ்ப்பாள் இருக்கிறது என்பதே எனக்கு அப்போதுதான் தெரிந்தது.

நான் போனை எடுத்தேன். மனோஜின் பெயர் திரையில் வந்தது.

"அவனுக்குச் சொல்லிப்போடாதீங்க கண்ணு" என்றார். "மாட்டை வித்துப்போடுவான்."

போனை மடியில் வைத்துக்கொண்டேன். இடது கையால் முறுக்குத் தட்டை நீட்டினார். தட்டில் முறுக்குகள் ஒன்றோடொன்று மோதிச் சத்தம் போட்டன.

தோப்புக்கு அந்தப் பக்கம் ஒரு பைக் வந்து நின்றது. பிறகு எந்தச் சத்தமும் இல்லை. தொட்டியோரத்திலிருந்து நாய் முனகியது.

தொடரில் இந்த இடத்தில் இசை போடுவார்கள். அதைக் கேட்டால், வரப்போவது நான்தான் என்று எனக்குத் தைரியமாக இருக்கும்.

"டீ வேண்டாமுங்க அம்மணி. முறுக்கும் வேண்டாமுங்க. காத்தால வந்தது யாரு?"

அம்மா தட்டைக் கீழே வைத்தார். புடவைத் தலைப்பைக் கட்டுப் போட்ட கையின் மேல் இழுத்து மூடிக்கொண்டார்.

"நீங்க இல்லீங்க. உங்களுக்கு வேண்டியவர்னு சொன்னாரு, சூட்டிங்குல இருக்கறேன்னாரு. உங்க பேரைச் சொன்னதும் வாங்கன்னு சொல்லிப்போட்டேன். தண்ணி குடிச்சுப்போட்டு, தனியாத்தான் இருக்கறீங்களா அம்மணின்னு கேட்டாரு."

"நீங்க என்ன சொன்னீங்க?"

"ஆமாங்கன்னு சொல்லிப்போட்டேன் கண்ணு. ஊட்டுக்கு வந்தவருகிட்ட எப்படிப் பொய் சொல்றது?" என் மடியிலிருந்த போனைப் பார்த்தார். "எனக்குப் பயமா இருக்குது. மனோஜுக்குப் போனைப் போடுங்க."