இடது கை முதுகுக்குப் பின்னால்

முதுகுக்குப் பின்னால் என் இடது கை இடுப்பில் கட்டிய சாரத்தைப் பிடித்துக்கொண்டிருக்கிறது, வலது கையில் ஸ்குரூ டிரைவர், மேசைமேல் கவிழ்த்துப் போட்ட ஆம்ப்ளிஃபயரின் வயிற்றுக்குள் பழைய கண்டென்சர்கள் மெழுகு கசிந்து கிடக்கின்றன, காலை வெயில் சன்னல் கம்பி வழியாக வந்து அவற்றின்மேல் விழுகிறது, நான் இன்னும் எதையும் தொடவில்லை, தொடுவதற்கு முன்னால் இடது கை பின்னால் போய்விட வேண்டும், துறைமுகத்து வயர்லெஸ் அறைச் சுவரில் சிவப்புப் பெயிண்டில் எழுதியிருந்த விதி அது, திறந்த செட்டில் ஒரு கையால் மட்டும் வேலை செய், இரண்டு கையையும் வைத்தால் மின்சாரம் ஒரு கையில் ஏறி நெஞ்சைக் கடந்து மறு கையில் இறங்கும், ஒரு கை என்றால் சுட்டுவிட்டுப் போகும், இரண்டு கை என்றால் ஆளே போய்விடுவான். அந்தச் சுவருக்கு எதிரே முப்பத்தோரு வருஷம் உட்கார்ந்திருந்தேன், ஓய்வு பெற்று ஒன்பது வருஷம் ஆகிவிட்டது, இன்னமும் கை தன்னால் பின்னால் போகிறது, ரேஷன் கடை வரிசையில், கோயிலில் பூசை நேரத்தில், துட்டி கேட்கப் போன சாவு வீட்டில், எங்கே நின்றாலும் போகிறது, நம்ம கல்யாண போட்டோவுலயே ஒங்க இடது கையக் காணோம், ஒத்தக் கைக்காரனுக்கா கட்டிக் குடுத்தாங்கன்னு எங்க சித்தி கேட்டா, என்று பிரகாசி சொல்லிச் சொல்லிச் சிரிப்பாள், சிரிப்பாள் என்றா சொன்னேன், சிரித்தாள், அதெல்லாம் அப்போது.

பிரகாசி என் மனைவி, எட்டு மாதமாக மணப்பாட்டில் தங்கை ஜெசிந்தா வீட்டில் இருக்கிறாள், சண்டை என்று சொல்ல முடியாது, அவளை அனுப்பியது இந்தச் செட்தான். எண்பத்தேழில் துறைமுகத்துக்கு வந்த ஒரு வெளிநாட்டுக் கப்பலில் மாலுமிகள் சாப்பிடும் அறையைக் காலி செய்தபோது கழித்துப் போட்டதை நான் தூக்கிவந்தேன், பல்பு மாதிரிச் சூடாகி எரியும் கண்ணாடி வால்வு நாலு, அலமாரி உயரத்துக்கு ஒரு மரப்பெட்டி ஸ்பீக்கர், வாசலில் இறக்கியபோது பிரகாசி சுற்றிச் சுற்றி வந்து பார்த்துவிட்டு இதுக்கு நாம வேற வீடுல்லா பாக்கணும் என்றாள், ஆனால் அன்று சாயங்காலம் வால்வுகள் செக்கச்செவேல் என்று பற்றிக்கொண்டபோது முதலில் கிட்டே வந்து உட்கார்ந்தவளும் அவள்தான். ஐப்பசி மழையில் துணி காயாத நாட்களில் என் பனியனை வால்வுகளுக்கு மேலே விரித்துப் பிடித்துக் காயவைப்பாள், ஒரு சொட்டுத் தண்ணீர் விழுந்தால் வால்வு வெடித்துவிடும் என்று நான் கத்துவேன், பாட்டும் கேக்கலாம், பனியனும் காயும், ஒங்க மெஷினுக்கு இதவிட என்ன பெரிய வேலை இருக்கு, என்பாள். எங்களுக்குப் பிள்ளைகள் இல்லை, வீட்டில் மூன்றாவதாகப் பேசியது அந்தச் செட் மட்டும்தான். இன்றைக்கு வயரைப் பிடுங்கிவிட்டேனா, பிடுங்கிவிட்டேன், ஆனால் பிடுங்கினால் போதாது, மெயின் கண்டென்சருக்குள் முந்நூறு வோல்ட் அப்படியே நிற்கும், சில சமயம் மறுநாள் வரைக்கும் நிற்கும், செத்துக் கிடக்கிற செட் என்று நம்பிக் கை வைத்தவனைத் தூக்கி எறியும், அதனால் ஒரு சின்ன பல்பின் இரண்டு வயரையும் அதன் முனைகளில் வைத்து முதலில் அதை வடிக்க வேண்டும், நல்ல கண்டென்சர் என்றால் பல்பு பளிச்சென்று ஒரு வெட்டு வெட்டி அணையும், இன்றைக்கு மினுங்கியதா என்றுகூடத் தெரியவில்லை, உள்ளே எல்லாம் காய்ந்துபோய்விட்டது, பிடித்துவைக்க அதனிடம் ஒன்றுமில்லை.

அவள்தான் முதலில் சொன்னாள், மூன்று வருஷத்துக்கு முன்னால், ஒரு மத்தியானம், சாப்பிட்டுவிட்டு இருவரும் இசைத்தட்டு கேட்டுக்கொண்டிருந்தோம், ஏங்க, பாட்டுக்குப் பின்னால ஒரு விசில் சத்தம் வருதே, சன்னமா, ஊசி வச்சுக் குத்துற மாதிரி, ஒங்களுக்குக் கேக்கலையா, என்றாள், நான் காதை ஸ்பீக்கரில் ஒட்டி வைத்துப் பார்த்தேன், ஒன்றுமில்லை. முப்பத்தோரு வருஷம் ஹெட்போன் போட்டுக் கடலின் இரைச்சலுக்குள்ளிருந்து கப்பல்களின் குரலைப் பிரித்தெடுத்த காது இது, இதற்குக் கேட்காதது உனக்குக் கேட்டுவிடுமா என்று எனக்குத் திமிர், வாய்விட்டும் சொன்னேன். அவள் விடவில்லை, நானும் விடவில்லை, பாத்திரம் துலக்கும்போது கேட்கவில்லையாம், சும்மா இருக்கும்போதுதான் கேட்கிறதாம், ஒருநாள் செட்டை அணைத்துவிட்டேன், அணைச்ச பெறவும் கேக்குதே என்றாள், நான் விழுந்து விழுந்து சிரித்தேன், ஏட்டி, அணைச்ச பெறவு கண்டென்சர்ல சார்ஜ் நிக்கும், அது நெசம், ஆனா சார்ஜ் விசில் அடிக்காது, என்றேன். பிறகு நான் செய்ததுதான் பெரிய தப்பு, மாடியில் குடியிருக்கும் ரோஸ்லினைக் கூப்பிட்டு உட்காரவைத்து, விசில் கேட்கிறதா என்று பிரகாசியின் எதிரிலேயே கேட்டேன், அந்தப் பெண் பாவம், இரண்டு பேர் முகத்தையும் மாறி மாறிப் பார்த்துவிட்டு, ஒண்ணும் கேக்கலையே அண்ணே, என்றது, நான் வழக்கில் ஜெயித்தவனாக மேசையைத் தட்டினேன், பிரகாசி எழுந்து அடுப்படிக்குப் போனாள், அதற்கப்புறம் விசில் என்ற சொல்லை அவள் எடுக்கவே இல்லை, சாப்பிடும்போது தலையை ஒருபக்கமாகச் சாய்த்துக்கொள்வாள், கூப்பிட்டால் இரண்டாவது தடவைதான் திரும்புவாள், ஒருநாள் பையில் நாலு சேலையை வைத்துக்கொண்டு, கொஞ்ச நாள் சத்தமில்லாம ஜெசிந்தா வீட்டுல இருந்துட்டு வாரேன், என்றாள், போ என்றேன், நானே பஸ் ஏற்றிவிட்டேன், வலது கையால் பையைத் தூக்கிக் கொடுத்தேன்.

போனமாதம் பாட்டு தேய ஆரம்பித்தது, கீழ்ச்சுருதி எல்லாம் கரைந்து பாட்டு சோகை பிடித்துக் கேட்டது, சரி என்று திருப்பிப் போட்டுத் திறந்தேன், மெயின் கண்டென்சர் தலை புடைத்து வெடிக்கும் நிலையில் நின்றது, பக்கத்தில் இரண்டு காய்ந்து சுருங்கிவிட்டன, கையில் ஸ்குரூ டிரைவரோடு அப்படியே உட்கார்ந்துவிட்டேன், ஏனென்றால் அந்த இடத்துக் கண்டென்சர் காய்ந்துபோனால் ஒரு வால்வின் சத்தம் இன்னொரு வால்வுக்குள் திருட்டுத்தனமாகப் போய்ச் சுற்றும், சுற்றினால் விசில் அடிக்கும், சன்னமாக, ஊசி வைத்துக் குத்துகிற மாதிரி. அவள் சொன்னது சரி, என் காதுதான் போய்விட்டது, ஹெட்போன் தின்றுவிட்டது, மேல்சுருதி கேட்காத செவிடன் நான், ரோஸ்லினும் என் முகத்துக்குப் பயந்துதான் கேட்கவில்லை என்றிருப்பாள், பொண்டாட்டியைப் பொய்க்காரி ஆக்கிவிட்டேன், அன்று பூராவும் சோறு இறங்கவில்லை. உதிரிச் சாமான் விற்கும் ரிச்சி தெருவுக்குப் போன் போட்டு, வோல்ட் சொல்லி, அளவு சொல்லி, புதுக் கண்டென்சர்களைக் கூரியரில் வரவழைத்தேன், அது வருவதற்குள் இரண்டு தடவை கனவு, கனவில் நான் கண்டென்சர்களைக் கழற்றிக் கழற்றி வைக்கிறேன், ஒவ்வொன்றும் என் கையில் வந்ததும் ஒங்களுக்குக் கேக்கலையா என்கிறது, கேக்குது கேக்குது என்று நான் சொல்கிறேன், விழித்தால் வீடு வெறுமனே கிடக்கிறது. இப்போது ஈயத்தை உருக்கிப் பழைய கண்டென்சர்களின் வயர்க் கால்களை ஒவ்வொன்றாக உருவுகிறேன், புதியதைச் செருகுகிறேன், ப்ளஸ் எது மைனஸ் எது என்று மூன்று தடவை பார்க்கிறேன், மாற்றிப் போட்டால் வெடிக்கும், புதியவை பழையதில் பாதி பருமன்கூட இல்லை, பெட்டிக்குள் நிறைய இடம் காலியாகிவிட்டது, அதைப் பார்க்க எனக்கு என்னவோ போல் இருக்கிறது. வேலை முடிந்ததும் உடனே நேர் மின்சாரம் கொடுக்கக்கூடாது, நடுவில் நூறு வாட் பல்பு ஒன்றைக் கோத்து அதன் வழியாகக் கொடுக்க வேண்டும், உள்ளே எங்காவது தப்பு என்றால் பல்பு முழு வெளிச்சத்தில் எரிந்துகொண்டே இருக்கும், எல்லாம் சரி என்றால் பிரகாசமாக ஏறி மெல்லத் தணியும், ஸ்விட்சைப் போட்டேன், இடது கை பின்னால், பல்பு ஏறியது, ஏறியது, தணிந்தது, வால்வுகள் ஒவ்வொன்றாகச் சிவந்தன, ஸ்பீக்கரில் ஒரு துளி இரைச்சல் இல்லை. எனக்கு இல்லை, ஆனால் எனக்கு முன்பும்தான் இல்லை, விசில் போய்விட்டதா, இல்லை நான் கேட்காமல் இருக்கிறேனா, மேசையெல்லாம் ஈயத்துளியும் வயர்த் துண்டுமாகக் கிடக்க நடுவில் உட்கார்ந்திருக்கிறேன், என் வேலை பலித்ததா என்று சொல்ல இந்த உலகத்தில் ஒரே ஒரு காதுதான் இருக்கிறது, அது மணப்பாட்டில் இருக்கிறது.

போன் போட்டேன், பிரகாசிதான் எடுத்தாள், சாப்பிட்டியளா என்றாள், மணி பத்து, என்ன சாப்பாடு கேட்கிறாள் இவள், செட்டைச் சரி பண்ணிட்டேன் பிரகாசி, நீ சொன்னதுதான் சரி, கண்டென்சர் போயிருந்திருக்கு, எனக்குத்தான் காது கேக்கல, நீ வந்து ஒரு தடவ கேட்டுச் சொல்லணும், என்று ஒரே மூச்சில் கொட்டினேன், பதிலுக்குக் காத்திருக்காமல், போனுல அந்தச் சத்தம் வராது, சன்னமான சத்தத்தையெல்லாம் போனு வடிகட்டிரும், நேர்ல வந்தாத்தான் தெரியும், வந்துரு, என்றேன், என் குரல் கெஞ்சியது, கெஞ்சட்டும் என்று விட்டேன். அது இங்கயும் கேக்குதுங்க, என்றாள் பிரகாசி. எது, என்றேன். அந்த விசிலு, இங்க வந்த அன்னைக்கே கேட்டுச்சு, இங்க செட்டும் கெடையாது ஒண்ணும் கெடையாது, அது எங்காதுக்குள்ள அடிக்கிது, மொதல்லருந்தே அங்கதான் அடிச்சிருக்கு, நான்தான் செட்டுன்னு நெனைச்சிட்டேன், ராவும் பகலும் நிக்க மாட்டேங்குது. எட்டு மாசமா ஏன் சொல்லல, என்றேன். சொன்னா நான் அன்னைக்கே சொன்னேம்லான்னு மேசையத் தட்டுவிய, என்றாள், அவள் அழவில்லை, அழுதிருந்தால் நன்றாக இருந்திருக்கும். அணைச்ச பெறவும் கேக்குதே என்று அன்றைக்கே சொன்னாளே, நான் விழுந்து விழுந்து சிரித்தேனே, இரண்டு வருஷத்துக்கும் மேலாக யாருக்குமே கேட்காத ஒரு சத்தத்தோடு அவள் என் பக்கத்திலேயே உட்கார்ந்திருந்தாள், நான் செட்டைத்தான் சோதித்தேன், அவளை ஒரு காது டாக்டரிடம் கூட்டிப்போகவில்லை.

செட்டை அணைத்தேனா, அணைத்தேன், சட்டையை மாட்டினேன், திருச்செந்தூர் பஸ், அங்கிருந்து மணப்பாட்டுக்கு இன்னொரு பஸ், உப்பளங்களும் பனைகளும் பின்னால் ஓடின, ஜெசிந்தா வாசலில் வாங்க அத்தான் என்றாள், பிரகாசி உள்ளே பாயில் கருவாட்டை ஆய்ந்துகொண்டிருக்கிறாள், மெலிந்துவிட்டாள், தலை ஒருபக்கமாகச் சாய்ந்திருக்கிறது, நான் அவள் எதிரே தரையில் உட்கார்ந்தேன், நாளைக்குப் பாளையங்கோட்டைக்குப் போறோம், காது டாக்டர்ட்ட, என்றேன், டாக்டரு என்ன, என் காதையும் மாத்துவாரா, என்றாள், சிரிக்க முயன்றாள், முடியவில்லை. என் இடது கை தன்னால் முதுகுக்குப் பின்னால் போகப் பார்த்தது, நான் அதை முன்னால் கொண்டுவந்தேன், இரண்டு கைகளாலும் அவள் இரண்டு காதுகளையும் பொத்திப் பிடித்தேன், கருவாட்டுக் கையோடு அவள் அப்படியே இருந்தாள், என் நெஞ்சு படபடவென்று அடித்தது. இப்பம் கேக்குதா, என்றேன், என் உதட்டைப் பார்த்துப் புரிந்துகொண்டாள், கேக்குது, என்றாள். எனக்குக் கேட்கவில்லை, ஆனால் நம்புகிறேன் என்று சொன்னேன், கையை எடுத்துரட்டா, என்றும் கேட்டேன். கண்ணை மூடிக்கொண்டு, இருக்கட்டும், எடுக்காதிய, என்றாள்.