பிளேட்டில் பூசிய சந்தனம்

விஜயதசமி விடியற்காலை ஐந்து மணிக்கு, சரஸ்வதி படத்துக்கு முன்னால் குனிந்து மகள் ஐஸில் சறுக்குகிற சப்பாத்தைத் தூக்கிய சிறி அப்படியே நின்றுவிட்டார். சந்தனம் காய்ந்து உதிர்ந்த இடமெல்லாம் அடியிலிருந்த இரும்பு பிளேட்டின் விளிம்பு நெடுகிலும் செம்மஞ்சளாய்க் கறள் பிடித்திருந்தது. நஷனல்ஸ் போட்டிக்கு இன்னும் ஆறு கிழமைதான்.

மெரிலேண்ட்ஸில் இருக்கிற அந்த வீட்டில் பன்னிரண்டு வருடமாக இதுதான் வழக்கம். மற்ற வீடுகளில் புத்தகம் வைக்கிற இடத்தில் இங்கே சயந்தினியின் சப்பாத்து. தோலில் பொட்டு மட்டும் வைத்தால் தாய் நாகேஸ்வரிக்கு மனம் ஆறாது. பிள்ளை வழுக்குவது பிளேட்டில்தானே என்று அதிலேயே சந்தனத்தைக் குழைத்துத் தாராளமாகப் பூசுவாள். பிறகு விஜயதசமி வரை ஒருவரும் தொடக்கூடாது. ஆனால் தாய் சமைக்கக் குசினிக்குள் போனதும் சயந்தினி பூனை மாதிரி வந்து, சரஸ்வதியிடம் மன்னிப்புக் கேட்டுவிட்டு, பார்வைக்கு ஒரு பொட்டளவு சந்தனத்தை மட்டும் விட்டு மிச்ச ஈரத்தைத் துடைத்துவிடுவாள். இரும்பில் கறள் ஏறாதது சரஸ்வதியின் செயல் என்று நாகேஸ்வரி கோயிலில் எல்லாரிடமும் சொல்லித் திரிந்தாள்.

இந்த முறையும் சயந்தினி துடைக்க ரிசுக் கடதாசியோடு வந்தாள்தான். வந்து, நின்று, பார்த்துவிட்டுத் திரும்பிப் போய்ப் படுத்துக்கொண்டாள். வயது இருபத்து நான்கு. ஒரு காலத்தில் நஷனல்ஸில் ஆறாவதாக வந்தவள், போன வருடம் பதினோராவது. அவள் விழுகிற பாய்ச்சலைப் பதினான்கு வயதுப் பெட்டைகள் சிரித்துக்கொண்டே பாய்கிறார்கள். விடிய நாலரைக்கு எழும்பி அப்பாவின் காரில் ஐஸ் ரிங்குக்குப் பயிற்சிக்கு, பிறகு பரமட்டாவில் பல் கிளினிக்கில் பின்னேரம் வரை வேலை, வீட்டுக்கு வந்தால் கணுக்காலுக்கு ஐஸ். ஐஸில் விழுந்த காலுக்கு ஐஸே மருந்து என்று நினைக்க அவளுக்கே சிரிப்பு வரும். பூசைக்காகச் சப்பாத்தைத் தொடாத இரண்டு நாளும் எட்டு மணி வரை தூங்கினாள். எழும்பியபோது உடம்பில் ஒன்றும் நோகவில்லை. அதற்காகவே அழுகை வந்தது.

"உமக்கு எத்தினை தரம் சொன்னனான் நாகேஸ், இரும்பில ஈரம் படக்கூடாதெண்டு?" சிறி கத்தினார். "கோச்சுக்கு இப்ப என்ன சொல்லுறது?"

"நான் ஒவ்வொரு வருசமும் பூசுறனான்தானேயப்பா..." நாகேஸ்வரி சந்தனம் பூசிய தன் விரல்களையே பார்த்துக்கொண்டு நின்றாள்.

பட்டறையில் கொடுத்துத் தீட்டினால் கறள் போய்விடும், ஒரு நாள் வேலை. சத்தம் கேட்டு எழும்பி வந்த சயந்தினி வாயை மூடிக்கொண்டு இருந்திருக்கலாம். ஆனால் தாய் நின்ற நிலை அவளைச் சுட்டது.

"அம்மாவைப் பேசாதேங்கோ அப்பா. ஒவ்வொரு வருசமும் நான்தான் களவாத் துடைக்கிறனான். இந்த முறை கண்டுட்டு விட்டனான்."

"ஏன் பிள்ளை?"

அவள் குனிந்து கணுக்காலைத் தடவினாள். சிறி முகம் துடைக்கிற லேஞ்சியை எடுத்துக்கொண்டு சப்பாத்தோடு வெளியே போய்க் காரில் ஏறி இஞ்சினைப் போட்டார். சயந்தினி பின்னாலே போய்ப் பக்கத்துச் சீற்றில் இருந்தாள். அவர் சப்பாத்தை மடியில் வைத்து விளிம்பைத் தேய்த்துக்கொண்டிருந்தார்.

"அப்பா, எனக்கு ஏலாது. நான் நிப்பாட்டப் போறன்."

லேஞ்சி நின்றது.

"அப்ப நாளைக்கு நாலரைக்கு அலாரம் வைக்கத் தேவையில்லையோ?"

"தேவையில்லை அப்பா."

இஞ்சினை நிற்பாட்டினார். சீற்றைப் பின்னால் சாய்த்துக் கண்ணை மூடினார். கோபமோ என்று அவள் பயந்துகொண்டிருக்கையில் குறட்டை கேட்டது. பன்னிரண்டு வருடத்து நித்திரை.

மடியில் இருந்த சப்பாத்தை மெல்ல எடுக்கப் பார்த்தாள். நித்திரையிலும் அவர் பிடியை விடவில்லை.