சண்முகம் போகமாட்டான்

ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் மீன்குழம்பு சாப்பிட்ட கையைக் கழுவிக்கொண்டு, முனியப்பன் மனைவியின் நாவலோடு உட்கார்ந்தான். கடைசி அத்தியாயம்தான் பாக்கி. பொம்மசந்திராவில் வேலை பார்க்கும் மகா, கம்பெனி பஸ்ஸில் போகவர போனிலேயே தட்டித் தட்டி எழுதியது. கதாநாயகன் சண்முகம் இவர்களைப்போலவே பெங்களூர் அல்சூர்க்காரன். அவனுக்கு ஏதாவது ஒரு பழக்கம் வேண்டுமே என்றுதான் கால்பந்தைக் கொடுத்திருந்தாள். உலகக் கோப்பை வந்தால் தெரு முழுக்கக் கட்டும் பிரேசில் கொடி, வீட்டில் புத்தர் படத்துக்குப் பக்கத்தில் அடுக்கிய கோப்பைகள் எல்லாம் சும்மா ஊர் வாசனைக்காகச் சேர்த்தவை.

படித்து முடித்தவன் மறுபடி முன்பக்கங்களைத் தேடிப் புரட்டினான்.

"இன்னா, புடிக்கலியா?"

"சண்முகம் ஏன் மெட்ராஸ் போறான்?"

"நல்ல வேலை கெடைக்குது, போறான்."

"போமாட்டான் மகா. தாலி கட்டிட்டு நேரா மேட்ச்சுக்கு ஓடுனான்னு நீதான எழுதுன? அவன் போய்ட்டா கோலுக்கு யாரு நிப்பா?"

"கதைப்பா அது!"

மகாவுக்குக் கோபம் வந்துவிட்டது. சண்முகம் ஊரைவிட்டுப் பிரியும் இடத்தைப் படித்து அழுதேன் என்று சென்னைப் பதிப்பகத்து ரமா சொல்லியிருந்தாள். ஆனாலும் சாயங்காலம் முனியப்பன் மைதானத்துக்குக் கிளம்பியபோது, கல்யாணமான இத்தனை வருஷத்தில் முதல்தடவையாக இவளும் கூடப் போனாள்.

கோல் கம்பத்தடியில் கிடந்த பையில் போன் விடாமல் அடித்துக்கொண்டிருந்தது. கோல்கீப்பர் நரைமீசைக்காரர். திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. பந்து எங்கோ எதிர்முனையில் இருந்தது. அப்போதும் அவர் குனிந்து, கைகளை விரித்து, அது இப்போதே வந்துவிடும் என்பதுபோல நின்றார். மகா அவரையே பார்த்துக்கொண்டிருந்தாள். தான் ஒப்புக்குக் கொடுத்த பந்து சண்முகத்தை எங்கே கட்டிப்போட்டிருக்கிறது என்று அவளுக்குப் புரிந்தது.

மறுநாள் பஸ்ஸில் கடைசி அத்தியாயத்தை முழுதாக மாற்றினாள். சண்முகம் சென்னை ரயிலில் ஏறி, ஊர் எல்லைகூடத் தாண்டாமல் அடுத்த ஸ்டேஷனான கன்டோன்மென்டிலேயே பையோடு இறங்கிவிட்டான். அதைப் பதிப்பகத்துக்கு அனுப்பிவிட்டாள். வேலை முடிந்து பஸ்ஸில் திரும்பும்போது ரமா போனில் கூப்பிட்டாள்.

"அவன் போறதுதாங்க அழகா இருந்துச்சு. ஏன் மாத்துனீங்க?"

"நான் அனுப்பித்தான் பாத்தேன் மேடம். போகமாட்டேங்கிறான்."

ரமா, "இன்னொரு தடவ படிச்சுப் பாக்குறேன்" என்று வைத்துவிட்டாள்.

அடுகோடி சிக்னலில் பஸ் நின்றது. மழை பிடித்துக்கொண்டது. நடைபாதையில் ஒருத்தி, குடையைப் பூக்கூடைக்குப் பிடித்துவிட்டு, தான் நனைந்தபடி யாரிடமோ சிரித்துப் பேசிக்கொண்டிருந்தாள். நேற்று அந்தக் கோல்கீப்பரைப் பார்த்ததுபோலவே மகா அவளையும் பார்த்துக்கொண்டிருந்தாள்.