செருகாத மௌஸ்

கம்ப்யூட்டர் சாருக்கு அந்தப் பத்துக் கம்ப்யூட்டர்களும் பெற்ற பிள்ளைகள் மாதிரி. உறை போட்டுப் பொத்திப் பொத்தி வைத்திருந்தார். மௌஸ்களை அலமாரியில் பூட்டிச் சாவியைச் சட்டைப்பையில் போட்டுக்கொண்டார். பிள்ளைகள் கை பட்டால் கெட்டுவிடுமாம்! மல்டிமீடியா வகுப்பு முழுக்கக் கரும்பலகையில்தான். வீடியோ வெட்டி ஒட்டும் எடிட்டிங் திரையை அவர் சாக்பீஸால் வரைவார்; மாணவர்கள் ஸ்கேல் வைத்து நோட்டில் வரைவார்கள். உயரத்தால் ‘நெட்டை’ என்றே பேர் விழுந்துவிட்ட கடைசி பெஞ்சுப் பெண் வரைந்த கத்தரிக்கோல் பொத்தானுக்கு ‘மிக நன்று’ கூடக் கிடைத்தது.

அதைப் பார்க்கும்போதெல்லாம் நெட்டைக்குப் பற்றிக்கொண்டு வந்தது. அடுத்த வாரம் செய்முறைத் தேர்வு, அதுவும் வேறு பள்ளியில். அங்கே நிஜமாகவே வெட்டி ஒட்டிக் காட்ட வேண்டும். தேறாவிட்டால், “இந்தப் பாடம் வேணாம்னு அப்பவே தலப்பாடா அடிச்சுக்கிட்டேன்” என்று அப்பா ஆரம்பித்துவிடுவார். அனிமேஷன் படிக்கும் ஆசையை அத்தோடு மூட்டை கட்டவேண்டியதுதான்.

அந்த நேரம் பார்த்துக் கல்வி அதிகாரி வருகிறார் என்று தகவல் வந்தது. உறைகள் பறந்தன, மௌஸ்கள் அலமாரியிலிருந்து மேசைக்கு வந்தன. எல்லாத் திரையிலும் ஒரே படம்: யாரோ எங்கோ உட்கார்ந்து வீடியோ வெட்டியதைத் திரையோடு பதிவு செய்தது. அதில் அம்புக்குறி நகரும்போது இவர்களும் மௌஸை நகர்த்த வேண்டும். யாரும் எதையும் அமுக்கித் தொலைக்கக் கூடாதென்று சார் மௌஸ் ஒயர்களைச் செருகவே இல்லை. மேசைக்குப் பின்னால் தொங்கவிட்டிருந்தார். இந்தக் கூத்துக்கு ஒத்திகை வேறு.

“அம்பு இடது பக்கம் போகுது பாரு, கையும் கூடவே போகணும்!”

அதிகாரி வந்தார். நெட்டையின் பின்னால் நின்று தலையாட்டினார். “பிரமாதமா செய்யறியேம்மா. இந்த இடத்துல ஒரு வெட்டு போடு, பாப்போம்.”

சார் கண்ணாலேயே கெஞ்சினார். நெட்டை ஒயரைச் சரசரவென்று இழுத்து, அதன் முனையை அதிகாரியின் முகத்துக்கு நேரே நீட்டினாள்.

“இதை எங்க சொருகறதுன்னு சொல்லுங்க சார், வெட்டறேன். வருஷம் பூரா நாங்க நோட்டுலதான் வெட்டினோம்.”

அதிகாரி வானத்துக்கும் பூமிக்கும் குதிக்கப்போகிறார் என்று அவள் நம்பினாள். அவரோ கடிகாரத்தைப் பார்த்தார். “சரி சரி, நல்லா படிங்க” என்றபடி டீ குடிக்கப் போய்விட்டார். நெட்டைக்குக் கோபம் பொத்துக்கொண்டு வந்தது. ஏமாற்றுகிறவர் ஒருத்தர், தெரிந்தே ஏமாறுகிறவர் இன்னொருத்தர்!

சார் பாய்ந்தார். “என் மானத்தை வாங்கிட்டியே! எந்திரி. எல்லாரும் உறையைப் போடுங்க.”

நெட்டை தன் கம்ப்யூட்டரின் உறையை எடுத்தாள். நாலாக மடித்து நாற்காலியில் போட்டு, அதன்மேல் உட்கார்ந்தாள்.

“அடுத்த வாரம் போகப்போறது எங்க மானம் சார். மௌஸைச் சொருகுங்க.”

பக்கத்து நாற்காலியிலும் ஓர் உறை மடிந்தது. பிறகு அதற்கடுத்ததில். சார் சுற்றிச் சுற்றிப் பார்த்தார். மூடுவதற்கு ஓர் உறைகூட மிச்சமில்லை.