பாலைப்பூவின் பன்னிரண்டாவது தாள்

...என் கையெழுத்தேதான், இருபத்தாறு வருடத்துக்கு முந்தையது, மழை பெய்தால் பதினைந்து நாள் மட்டும் பாலைவனத்தில் தலைகாட்டும் மஞ்சள் பூ, எங்கள் தாவரக் காப்பகத்தில் அதை உலர்த்தி வைத்த பன்னிரண்டாவது தாள், கடைசித் தாளும் இதுதான், அதற்குப் பிறகு அது யார் கண்ணிலும் படவில்லை. படம் பிடித்துக் கணினியில் ஏற்ற எடுத்தால் பூ தேயிலை நிறமாகிவிட்டிருக்கிறது, தாளோடு சேர்த்துத் தைத்த நூல் மட்டும் அப்படியே இருக்கிறது, என் தையலாயிற்றே... கீழே ஒட்டிய சீட்டில், பறித்த இடம், நாங்கள் தங்கிய முகாமுக்குப் பின்புறம், மணல் என்றிருக்கிறது. பின்புறம் முழுக்கப் பாறையல்லவா? நான் இதைப் பறித்தது ஜீப் பஞ்சராகி நின்ற இடத்தில், டிரைவர் சக்கரத்தைக் கழற்றிக்கொண்டே கதை சொல்ல, நான் சிரித்துக்கொண்டே... அந்த டிரைவரையே மறு வருடம் கட்டிக்கொண்டேன் என்பது வேறு விஷயம். முகாமுக்கு வந்து ஏதோ ஞாபகத்தில் எழுதியிருக்கிறேன். பறித்த இடத்திலேயே குறிப்பு எழுதுங்கள் என்று புதிதாக வருகிறவர்களை விரட்டுகிறவளும் நான்தான், ஊருக்குத்தான் உபதேசம். போன வாரம் அங்கே மழை, நாளைக் காலை நான்கு பேர் இந்தச் சீட்டை நம்பித் தேடக் கிளம்புகிறார்கள், பூ இல்லையென்றால் அழிந்த இனம் என்று எழுதி மூடிவிடுவார்கள். என் அலட்சியத்தால் ஒரு பூவுக்கு இறப்புச் சான்றிதழா?

அந்த டிரைவருக்கே போன் போட்டேன். நம்ம வண்டி பஞ்சரான இடம் ஞாபகம் இருக்கா என்று கேட்டதுதான் தாமதம்.

"வறண்ட ஆத்தைத் தாண்டி நாலாவது கிலோமீட்டர், இடது பக்கம். அதை எப்படிம்மா மறப்பேன்?"

நான்கு காய் வாங்கிவரச் சொன்னால் இரண்டை மறக்கிற மனிதர். கன்னம் சூடேறியது, ஐம்பத்துமூன்று வயதில் இதெல்லாம் தேவையா... பழைய சீட்டைக் கிழிக்கக்கூடாது, இங்கே அதுதான் முறை, தப்பு அப்படியே இருக்கும், பக்கத்தில் திருத்தச் சீட்டு ஒட்டித் தேதி போட்டு, யார் சொன்னது என்றும் எழுத வேண்டும். எழுதினேன், தகவல் தந்தவர், ஜீப் ஓட்டுநர். இயக்குநர் அம்மா படித்துவிட்டுக் கண்ணாடிக்கு மேலாகப் பார்த்தார்.

"உங்க வீட்டுக்காரர்தானே? நாளைக்கு அவரையும் வண்டில ஏத்திக்கலாமா?"

தாராளமாக என்றேன், அவருக்கு அல்வா சாப்பிட்ட மாதிரி இருக்கும். மனசு லேசாகிவிட்டது, பூவுக்கு இன்னொரு வாய்ப்பு, எனக்கும்தான்... எதற்கும் இருக்கட்டுமே என்று பதிவேட்டைப் புரட்டினேன், அந்த மாதம் நான் சேகரித்தவை நாற்பத்தேழு தாள்கள், எல்லாம் அதே ஜீப்பில் போய் எடுத்தவை, சீட்டெல்லாம் முகாமுக்கு வந்து எழுதியவை. அந்த மாதம் முழுவதும்தானே நான் சிரித்துக்கொண்டிருந்தேன்?