கறுத்த துரைக்குக் கொடுத்த செம்பு

தண்ணீர்ப்பந்தல் முனியாயி கறுத்த துரையைப் பார்த்து வாயைப் பிளந்ததில் தவசி வாத்தியாருக்குச் சிரிப்புத்தான் வந்தது. போடியிலிருந்து மலைமேல் மெட்டுக்கு ஏறும் அந்தப் பாதையில் துரைமார் குதிரையில் போவதை அவள் எத்தனையோ தடவை பார்த்தவள். இவரிடமும் தொப்பி இருந்தது, பூட்ஸ் இருந்தது, ஏலத்தோட்டத்துத் துரைக்கு மிஷன்காரர்கள் கொடுத்த கடிதம் பையில் இருந்தது. நிறம் மட்டும் பொட்டிபுரத்தில் ஏர் பிடிக்கிறவன் நிறம். முனியாயி கொஞ்சம் திணறிவிட்டு, தொப்பிக்கும் பூட்ஸுக்கும் மரியாதை கொடுத்துவிடுவது என்று முடிவு செய்தாள். பித்தளைச் செம்பைத் துடைத்துத் தண்ணீர் மொண்டு அவர் கையில் கொடுத்தாள்.

பந்தல் போடிச் செட்டியார் ஒருவரின் தர்மம். தர்மத்திலும் இரண்டு வழி உண்டு. சிலருக்குச் செம்பு. மற்றவர்கள் தள்ளி நின்று கையேந்த வேண்டும். ஒரு நீள மூங்கில் குழாய் வழியாகத் தண்ணீர் வரும். யாருக்கு எது என்பதில் முனியாயி இதுவரை தவறியதில்லை. தவறினால் செட்டியார் வீட்டில் கூலியாக அளக்கும் கம்பு நின்றுபோகும், புருஷனில்லாதவளுக்கு வேறு போக்கிடம் கிடையாது.

ஆல்டன் என்ற அந்த மனிதர் அமெரிக்காக்காரர். அங்கே கறுப்பர்களுக்கு ரயிலில் தனிப் பெட்டி, தனிப் பள்ளிக்கூடம், செத்தால் தனி இடுகாடு. சட்டம் போட்டவன் வெள்ளைக்காரன் சரி, அது தினமும் எப்படித் தானாக நடக்கிறது, அனுபவிக்கிறவனே அதை எப்படிச் சுமந்து திரிகிறான் என்று எழுதுவதற்காக ஊர் ஊராகப் போய்க்கொண்டிருந்தார். பத்து நாளாகத் தவசிதான் மொழிபெயர்ப்பு. பத்து நாளும் 'இந்த ஊர்க்காரர்கள் வழக்கம் இப்படி' என்று, தான் என்னவோ வேற்றூரிலிருந்து வந்தவன் போலச் சொல்லிக்கொண்டிருந்தான். ராசிங்காபுரத்துச் சேரியில் பிறந்ததை அவன் சொல்லவில்லை. அவர் கேட்கவும் இல்லை. பிறந்ததிலிருந்து முதல்முறையாக முன்னும் பின்னும் எதுவும் ஒட்டாமல் வெறும் தவசியாக இருந்தான். அந்தச் சுகத்தை விட மனசு வரவில்லை.

ஆல்டன் பாதிச் செம்பு குடித்துவிட்டுக் கேட்டார். தவசி அவளிடம் சொன்னான்.

"ஆளப் பாத்ததும் செம்பா குழாயான்னு ஒனக்கு எப்படித் தெரியுதுன்னு கேக்குறாரு ஆத்தா. அவுக ஊர்ல நெறத்த வச்சுக் கண்டுபிடிப்பாகளாம்."

முனியாயி சிரித்தாள். "நெறத்துல என்னா இருக்கு? நான் எங்க கண்டுபிடிக்கிறேன், வர்றவுகளே சொல்லிருவாகள்ல. இந்தா, ஒன்னையே எடுத்துக்க வாத்தியாரே. கோட்டுப் போட்டுத்தான் வந்த. அவரு நேரா பந்தலுக்குள்ள வந்தாரு. நீ அந்தப் பாறைகிட்டயே நின்னுட்ட. ஒன்னைய யாரு நிக்கச் சொன்னா?"

தவசி கீழே பார்த்தான். பந்தலுக்கும் அவனுக்கும் நடுவே ஒரு மாட்டுவண்டி போகிற அளவுக்கு இடம் கிடந்தது. தான் நின்றது அவனுக்கே தெரியாது.

ஆல்டன் காத்திருந்தார். வேறு எதையாவது சொல்லிச் சமாளித்திருக்கலாம். ஆனால் அவள் கை நீட்டிய திசையை அவர் பார்த்துவிட்டார். தவசி சேரியையும் சேர்த்து எல்லாவற்றையும் ஒரே மூச்சில் ஆங்கிலத்தில் சொன்னான்.

அவர் நோட்டை எடுக்கவில்லை. தன் ஊரில் வெள்ளைக்காரர் எதிரே வந்தால் நடைபாதையை விட்டுத் தெருவில் இறங்கிவிட வேண்டும் என்றார். போன வருஷம் லண்டனில், அவரை இறங்கச் சொல்ல யாருமே இல்லாத இடத்தில், சேற்றுக்குள் இறங்கி நின்றாராம். பூட்ஸ் நனைந்த பிறகுதான் தெரிந்ததாம்.

தவசிக்குக் கண் நிறைந்துவிட்டது. தான் தனி ஆள் இல்லை என்பதில் அப்படியொரு சந்தோஷம்.

"என்னா சொல்றாரு?" என்றாள் முனியாயி.

அந்தச் சந்தோஷத்தில்தான் அவன் யோசிக்காமல் சொல்லிவிட்டான். "அவுக ஊர்ல அவரும் என்னாட்டம்தானாம் ஆத்தா."

முனியாயியின் முகம் வெளிறியது. அவர் கையிலிருந்த செம்பைப் பார்த்தாள். கீழ் வளைவில் செட்டியாரின் பொதிமாடுகள் மணி குலுங்க ஏறி வந்துகொண்டிருந்தன. இன்னும் கொஞ்ச நேரத்தில் மாடோட்டிகள் தண்ணீர் கேட்பார்கள், அதே செம்பில்.

ஆல்டன் மிச்சத் தண்ணீரையும் குடித்து முடித்தார். சிரித்த முகத்தோடு, மரியாதையாக, இரண்டு கையாலும் செம்பை அவளிடம் நீட்டினார்.

அவள் கையை முந்தானைக்குள் இழுத்துக்கொண்டாள். அவளுக்கும் அழுகை முட்டியது.

"கீழ வைக்கச் சொல்லு வாத்தியாரே," என்றாள். "வெரசாச் சொல்லு."

அவள் என்ன சொன்னாள் என்று தெரிந்துகொள்ள, நீட்டிய செம்போடு ஆல்டன் தவசியின் பக்கம் திரும்பினார்.