தெளிந்த வட்டம்

ஆம்புலன்ஸ் சைரன் ஆஸ்பத்திரி வாசலில் அலறி நின்றது. காத்திருந்த சுதாராணி ஓடிப்போய்ப் பின்கதவைத் திறந்தாள். கதவு திறந்த சத்தத்துக்கே, படுத்திருந்த தம்பி இசக்கிதுரையின் முதுகு வில்லாய் வளைந்து எழும்பியது. பற்கள் கிட்டித்துப் போயிருந்தன.

"ஏலே துரை! அக்கா வந்துட்டேம்லே, வாயைத் தொறலே!"

அவன் கண்கள் மட்டும் அவளைப் பார்த்தன.

காலருகே ரெங்கம்மாள் உட்கார்ந்திருந்தாள். நாகலாபுரத்தில் அவனுடைய கரிசல் காட்டில் ஆடுகளை அடைத்துக் கிடை போட்டிருப்பவள். போன வாரம் அவன் பாதத்தில் கருவேல முள் ஆழமாக ஏறியபோது பச்சிலைக் களிம்பு அரைத்துக் கட்டியவளும் அவள்தான்.

"பயப்படாதிய டீச்சரம்மா. காலையிலகூட புதுசா மருந்து வச்சுக் கட்டித்தான் கூட்டியாந்தேன்."

அந்தக் களிம்பு சுதாராணிக்குத் தெரிந்ததுதான். கோவில்பட்டியில் ஒரு கல்லூரியில் நுண்ணுயிரியல் பாடம் எடுக்கிறாள். சோதித்துப் பார்க்க வேண்டுமென்று முன்பொருமுறை ரெங்கம்மாளிடம் கேட்டு வாங்கி, கிருமி வளரும் கண்ணாடித் தட்டில் வைத்தாள். மறுநாள் தட்டு முழுக்கக் கிருமி படர்ந்திருக்க, களிம்பைச் சுற்றி மட்டும் பளிச்சென்று ஒரு வட்டம். துடைத்துவிட்டாற்போல அத்தனை தெளிவு! அந்தத் தைரியத்தில்தான், "தடுப்பூசி போடணுமாக்கா?" என்று தம்பி போனில் கேட்டபோது, "ரெங்கம்மா மருந்து இருக்குல்ல? பருத்தி எடுத்து முடிச்சிட்டு நிதானமாப் போட்டுக்கோ" என்று சொல்லிவிட்டாள்.

டாக்டர் விரைந்து வந்தார்.

"லைட்டைக் குறைங்க. சத்தம் கூடாது. ஒவ்வொரு சத்தத்துக்கும் உடம்பு முறுக்கும். மூச்சு நின்னுடக்கூடாது."

கட்டைப் பிரித்தார். பாதத்தில் களிம்பு கன்னங்கறேலென்று அப்பியிருந்தது.

"ரணஜன்னிதான், டெட்டனஸ். காயத்துல மண்ணு, சாணி ஏதாவது பட்டுச்சா?"

"இல்ல டாக்டர். சுத்தமான பச்சிலை. நானே டெஸ்ட்..."

சொல்லி முடிக்கவில்லை. அவள் பார்வை அந்தக் கறுப்பில் குத்திட்டு நின்றது. அவள் தட்டில் வைத்தது பச்சைப் பசேலென்றல்லவா இருந்தது?

ரெங்கம்மாளின் தோளைப் பற்றினாள்.

"ரெங்கம்மா... எனக்குக் குடுத்துவிட்ட மருந்துதானே இது?"

"அது காலேஜுக்குப் போற சாமானாச்சேன்னு வெறும் இலையைக் கழுவி, பாட்டில் தண்ணி ஊத்தி அரைச்சது டீச்சரம்மா. தம்பிக்கு அப்படி ஏனோதானோன்னு செய்வேனா? எங்க வழக்கப்படி கிடைப் புழுதியும் ஆட்டுப் புழுக்கையும் சேத்துல்லா அரைச்சுக் கட்டுனேன்!"